துண்டால் துடைத்த கண்ணாடி

மாசானத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அவன் ஊரில் யாரைக் கேட்டாலும் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்து ஒரகடத்துக்கு வேலைக்கு வரும்வரை அவன் வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. அவன் சொன்ன பெரிய பொய்யை முதலில் கையால்தான் சொன்னான். வாய் பிற்பாடுதான் சேர்ந்துகொண்டது.

பிரேக் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவன் ட்ரெய்னி. மண்ணூரில் ஏழு பேர் சேர்ந்து எடுத்த அறையில் இருந்தான். மூன்று ஷிப்டிலும் ஆள் இருந்ததால் அந்த அறையில் பாய் சுருட்டப்பட்டதே கிடையாது. ஒருவன் எழுந்த சூட்டிலேயே இன்னொருவன் படுப்பான். அவனுக்கு நெருக்கமானவன் பக்கத்து ஊர்க்காரன் இசக்கிபாண்டி, அதே லைனில் வேலை.

அந்த லைனைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசியில் பெட்டிக்குள் விழுகிற உருப்படிகளை எண்ணுவதற்கு ஒரு சின்னக் கண் வைத்திருப்பார்கள். சென்சார் என்று பேர்தானே தவிர, அதற்கு ஒன்றும் தெரியாது. முன்னால் எது கடந்து போனாலும் ஒன்று என்று எண்ணிவிடும். ஷிப்ட் முடியக் கால் மணி இருக்கும்போது டார்கெட்டுக்கு ஐந்து ஆறு குறைந்தால், யாராவது ஒருவன் போய் அதன் முன்னால் கையை ஆட்டிவிட்டு வருவான். ‘டாட்டா காட்டுவது’ என்று அதற்குப் பேர். அடுத்த ஷிப்டில் அந்த ஐந்தாறை ஓட்டிச் சரிக்கட்டிவிடுவார்கள். சூப்பர்வைசர் அண்ணாதுரைக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார். போர்டில் எண் சரியாக இருந்தால் உலகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மாசானம் இதை நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டான்.

2005 ஆவணியில் அவனுக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட மறுவாரம் வலது தோளில் உயிர் போகிற வலி. வலி குறைந்து ஒரு காலை எழுந்து பல் துலக்கப் போனால், பிரஷ் விரல்களுக்குள் நிற்கவில்லை. கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கொத்து வீங்கிப்போயிருக்கிறது என்றார்கள். தானாகத் திரும்பும், ஆனால் மெல்லத்தான் திரும்பும், ஒரு வருஷமும் ஆகலாம், விடாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இருபத்துநான்கு வயசுப் பையனுக்கு இன்னொருவன் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது எப்படி இருக்கும்? இசக்கிபாண்டி தினமும் காலையில் அதைச் செய்தான். ஒரு கேலி பேசவில்லை. அவன் கேலி பேசியிருந்தால்கூடத் தேவலை என்று மாசானத்துக்கு இருந்தது. ஊரில் இருந்த அம்மா நாச்சியாரிடம் காய்ச்சல் என்று மட்டும் போனில் சொன்னான்.

ஒரு நாள் அண்ணாதுரையே அறைக்கு வந்தார். பாயில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“இன்னா மாசானம், மேல போய்க் கெஞ்சிக் கூத்தாடி டிசம்பர் வரைக்கும் உன் பேர வச்சிருக்கச் சொல்லிக்கீறேன். அதுக்குள்ள பிட்னஸ் சர்டிபிகேட்டோட வந்துடு. வரலன்னா ட்ரெய்னி லிஸ்ட்ல பேரு போயிடும். அப்பால என்ன சொல்லக்கூடாது.”

ட்ரெய்னி லிஸ்டில் பேர் போனால் பெர்மனென்ட் ஆகிற பேச்சே கிடையாது. ஊருக்குத்தான் போக வேண்டும், அதுவும் வராத கையோடு. மாசானத்துக்கு அன்றிலிருந்து டிசம்பர் என்ற ஒரு மாதம்தான் காலண்டரில் தெரிந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிரஸ்ட் நடத்திய பிசியோதெரபி மையம் இருந்தது. அங்கே வசுதா என்ற பெண் மேல்படிப்புக்காக ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கோயில் கைங்கர்யம் செய்கிற ஸ்ரீநிவாசராகவனின் மகள். யாரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவாள். டிவி மேல் ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால் டிவிக்குள் நாமே தெரிவோம். நமக்கும் திரைக்கும் நடுவில் அழுக்குக் கண்ணாடிகள் வரிசையாக வரும். கையை அசைத்தால் சோப்பு நுரை வழிந்து கண்ணாடி சுத்தமாகும். மூன்று நிமிஷத்தில் எத்தனை கண்ணாடி என்று இடது மூலையில் எண் ஏறும்.

“இதுக்கு வர்ச்சுவல் ரியாலிட்டின்னு பேரு. கண்ணாடி நெஜம் இல்லை, ஆனா உங்க கை அசையறது நெஜம்,” என்றாள் வசுதா. “சும்மா கையைத் தூக்குன்னா பத்து தடவைல சலிச்சுடும். இதுல நூறு தடவை முயற்சி பண்ணுவீங்க. மூளை கைக்குச் சொல்லிண்டே இருக்கணும், அதான் வைத்தியம். எண்ணிக்கை குறைச்சலா வந்தா பரவாயில்லை. கெட்ட கையாலதான் செய்யணும்.”

முதல் நாள் மாசானம் ஆறு கண்ணாடி துடைத்தான். அவனோடு அதே வாரம் சேர்ந்த சந்திரம்மாள் பதினொன்று துடைத்தாள். சந்திரம்மாள் வல்லத்துக்காரி, நாற்பத்தாறு வயசு. ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளைப் பக்கவாதம் அடித்து இடது கை விழுந்துவிட்டது, இடப்பக்கப் பார்வையும் போய்விட்டது. மகள் கவியா ஷிப்டில் பெர்மிஷன் போட்டு இரண்டு பஸ் மாற்றி அழைத்து வருவாள். எல்லோர் எண்ணிக்கையையும் வசுதா சுவரில் ஒரு சார்ட்டில் எழுதுவாள். வந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று வாரம் போனது. சந்திரம்மாள் பதினெட்டுக்கு வந்தாள். மாசானம் எட்டிலேயே நின்றான். தோள் கொஞ்சம் தூக்கியது, விரல்கள் அசைவேனா என்றன. அக்டோபர் முடிந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் வசுதா அவனுக்கு விளையாட்டைப் போட்டுவிட்டுத் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனாள். மாசானத்துக்கு வேர்த்தது. மடியில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்து முகத்தைத் துடைத்தான். நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒரு கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எண் ஒன்று ஏறியிருந்தது.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. இதுவும் அதே கண்தான். ஏதோ அசைந்தது என்று மட்டும் தெரியும், எது என்று தெரியாது. துண்டை இன்னொரு தடவை வீசினான். இரண்டு கண்ணாடி சுத்தமாயின. வேறு யாராவதாக இருந்தால் சிரித்துவிட்டு மேடத்திடம் சொல்லியிருப்பார்கள். லைனில் இரண்டு வருஷம் டாட்டா காட்டியவனுக்கு அது தோன்றவில்லை. டார்கெட்டுக்குக் குறைகிறது, ஆட்டிவிடு, பிற்பாடு சரிக்கட்டிக்கொள்ளலாம். அந்தப் பிற்பாடு தன் கையிலேயே இருக்கிறது என்பதை மட்டும் அந்த மடையன் யோசிக்கவில்லை.

எண்ணை ஒரேயடியாக ஏற்றவும் இல்லை. அப்படி ஏற்றினால் மாட்டிக்கொள்வோம் என்பதும் லைன் கொடுத்த புத்திதான். பதினைந்து, முப்பது, ஐம்பது என்று வாரத்துக்கு வாரம் பார்த்துப் பார்த்து ஏற்றினான். கார்த்திகையில் நூற்று நாற்பது. வசுதா சார்ட்டில் எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தனக்கே கை திரும்பியது போல் இருந்தாள். தோள் உண்மையிலேயே கொஞ்சம் உயர்ந்திருந்ததால் அவளுக்குச் சந்தேகமும் வரவில்லை. அவன் வரைபடத்தைத் தனியாக எடுத்துக் கல்லூரியில் காட்டப் போவதாகச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை தொன்னையில் புளியோதரை கொண்டுவந்தாள்.

“அப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். உங்க பேர்ல அர்ச்சனை பண்ணிட்டுப் பிரசாதம் குடுத்தனுப்பினார்.”

பிரசாதத்தை இடது கையில் வாங்க முடியுமா? வலது கையை நீட்டி, அது விழுந்துவிடாமல் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கினான். இரண்டு கையேந்தி பக்தியோடு வாங்குகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது அவனுக்கு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

அந்த அளவோடு நின்றிருந்தால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டான் என்று விட்டுவிடலாம். அடுத்த வாரம் வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது சந்திரம்மாள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, நீயும் நானும் ஒரே வாரந்தான் வந்து சேந்தோம். உனுக்கு நூத்தி நாப்பதாமே. நா இருவத்திரெண்டுலயே நின்னுகினு கீறேன். வூட்ல எதனா தனியா செய்றியா? சொன்னா நானும் செய்வேன்ல.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இவளிடம் சொன்னால் மேடத்துக்குப் போகும், மேடத்துக்குப் போனால் சர்டிபிகேட் போகும். மாசானம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“தனியா ஒண்ணுஞ் செய்யலக்கா. மனசு வச்சுச் செய்யணும். அவ்வளவுதான்.”

“நா மனசு வைக்கலன்றியா?”

“வச்சா வந்துரும்லா.”

சந்திரம்மாள் மடியில் கிடந்த இடது கையை வலது கையால் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துக் கவியா மட்டும் வந்தாள். வீட்டில் அழுத்திப் பழகக் கொடுத்திருந்த ரப்பர் பந்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அம்மா வரமாட்டேன்ட்டாங்க மேடம். எவ்ளோ சொல்லியும் கேக்கல. அந்தத் தம்பிக்கு வந்தது எனுக்கு வரல, எனுக்கு மனசு பத்தாது, உன் வேலைய ஏன் கெடுக்கணும்னு சொல்றாங்க.”

மாசானம் நாலடி தள்ளி நின்றிருந்தான். ஒரு வார்த்தை போதும். மறுநாள் காலை மையத்து டாக்டர் அவன் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். வசுதா இரண்டு தடவை போன் செய்து பார்த்தாள். சந்திரம்மாள் பேசவே வரவில்லை.

டாக்டர் சார்ட்டைப் பார்த்தார், கையைத் தோள்வரை தூக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். டிசம்பர் இரண்டாம் வாரம் மாசானம் மறுபடி லைனில் நின்றான். உருப்படியைக் கண்ணால் பார்த்து அனுப்புகிற இடத்தில் போட்டார்கள். போல்ட் முடுக்க வேண்டியது வந்தால் பக்கத்தில் இருந்த இசக்கிபாண்டி சத்தமில்லாமல் முடுக்கிக் கொடுத்தான். ஒரு வாரம் பார்த்துவிட்டு அறையில் வைத்துக் கேட்டான்.

“ஏலே, எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லு. கை வந்துட்டா, வரலையா?”

“வந்துட்டுல.”

இசக்கிபாண்டி மறுநாள் காலையில் எப்போதும் போல வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். மாசானம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். செருப்பால் அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. வேலைக்குச் சேர்ந்த சாக்கில் பயிற்சியையும் விட்டிருந்தான். வசுதாவின் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜக் காரணம்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். “தம்பி” என்று குரல் கேட்டது. திரும்பினால் சந்திரம்மாள், பக்கத்தில் கவியா. இடது கை நெஞ்சோடு மடங்கி ஒட்டியிருந்தது. விரல்கள் உள்ளே சுருண்டு கட்டிப்போயிருந்தன. கார்த்திகையில் அந்த விரல்களால் அவள் தன் முந்தானையைப் பிடித்து மாசானம் பார்த்திருக்கிறான்.

சந்திரம்மாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள். “நா சொல்வேன்ல, அந்தப் புள்ள இதான். என் மாறியே கை வுழுந்து கெடந்தான். மனசு வச்சான், திரும்பிக்கிச்சு. இப்போ கம்பெனி வேல செய்றான். எனுக்குத்தான் குடுப்பினை இல்ல.” சொல்லிவிட்டு நல்ல கையால் அவன் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினாள்.

தூக்கியவள் பாதியில் நின்றாள். காய் நறுக்கிப் பழகிய கை அது. பிடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அதற்குத் தெரியும்.

“இன்னாப்பா இது? புடியே காணும்? எங்க, அழுத்திப் புடி.”

மாசானம் அழுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அவன் விரல்கள் அவள் உள்ளங்கையில் மெத்தென்று கிடந்தன.

“அப்போ நூத்தி நாப்பது?”

“அது இந்தக் கை இல்லக்கா,” என்றான். “எடது கையால துண்ட வீசுனேன். கேமராவுக்கு எந்தக் கைன்னு தெரியாது. எனக்கு நெசமா எட்டு, ஒம்போதுதான் வந்துச்சு. ஒங்களுக்குத்தான் இருவத்திரெண்டு வந்துச்சு. எல்லாரையும்விட ஒங்களுக்குத்தான் ஒழுங்கா வந்துச்சுக்கா.”

கவியாவின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளைச் சந்திரம்மாள் தடுத்தாள். அவன் கையை மெதுவாகக் கீழே விட்டாள்.

“மூணு மாசம்பா,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “தெனம் என்னையே திட்டினு கெடந்தேன். மனசு இல்லாத பொம்பளன்னு.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். மாசானம் அதற்கப்புறம் வந்த இரண்டு பஸ்ஸில் ஏறாமல் அங்கேயே நின்றான். கூட்டத்தில் அத்தனை பேரும் தன் கையையே பார்ப்பது போலிருந்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விடப் பார்த்தான். அதற்கும் இடது கைதான் உதவ வேண்டியிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வசுதாவிடம் போனான். ஒன்று விடாமல் சொன்னான். அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“காலேஜ்ல காமிச்சாச்சு. எல்லாரும் கை தட்டினா,” என்றாள். சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்து, “ஒரே ஒரு தடவை உங்க கையை ஒழுங்காப் பிடிச்சுப் பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். எனக்கும் அந்த நம்பர் வேண்டியிருந்தது. அதான் பார்க்கலை,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ச் சார்ட்டில் அவன் வரிசையில் அக்டோபர் கடைசியிலிருந்து எல்லா எண்களையும் ஒரு கோடு போட்டு அடித்தாள். அவன் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தான். அவள் தன்னையே திட்டிக்கொண்டதை அவனால் தாங்க முடியவில்லை.

டாக்டர் சர்டிபிகேட்டை ரத்து செய்து கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினார். அண்ணாதுரை கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து அடையாளக் கார்டை வாங்கிக்கொண்டார். “லைன்ல காட்றத ஆஸ்பத்திரிலயாடா காட்டுவே?” என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம் போல டீ குடிக்கப் போய்விட்டார். அன்று நாச்சியாருக்குப் போன் செய்து, கை விழுந்ததிலிருந்து கார்டு போனதுவரை எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுதாள்.

வசுதா வல்லத்துக்கு இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டாள். சந்திரம்மாள் ஒரு நிபந்தனையோடு வந்தாள். எல்லோர் முன்னாலும் முதலில் அவன் செய்ய வேண்டும். திரைச்சீலையை முழுக்க விலக்கினார்கள். நோயாளிகளும் கூட வந்தவர்களுமாகப் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். வசுதா மாசானத்தின் இடது கையை நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டினாள். திருடனைக் கட்டுவது போலத்தான் இருந்தது, அவன் மறுக்கவில்லை. மூன்று நிமிஷம் வேர்த்து விறுவிறுத்து ஐந்து கண்ணாடி துடைத்தான். இடையில் மூன்று மாதம் பயிற்சியை விட்டதில், முதல் நாள் வந்த ஆறுகூட வரவில்லை. யாரோ ‘ச்சே’ என்றார்கள். வசுதா ஐந்து என்று எழுதினாள்.

அடுத்து சந்திரம்மாள் உட்கார்ந்தாள். மடங்கிப்போன கையை மெல்ல விரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவள் தூக்கினாள், கை விழுந்தது. மறுபடி தூக்கினாள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் உதட்டைக் கடித்தாள். மூன்று நிமிஷம் முடிந்தது. இடப்பக்கப் பார்வைதான் அவளுக்குப் போயிருந்ததே. திரையின் அந்த மூலையில் வருகிற எண் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பாள்.

கவியாவையும் கேட்கவில்லை, வசுதாவையும் கேட்கவில்லை. அவள் மாசானத்தைத்தான் பார்த்தாள்.

“எவ்ளோப்பா வந்துகீது?”

நான்கு. இருபத்திரண்டு வந்த கையில் இப்போது நான்கு. மீதி பதினெட்டும் எங்கே போயின என்று அந்த அறையில் அவனுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. பத்து என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு ஒரு கணம் புரண்டது. பத்து என்றால் அவள் முகம் மலரும்.

“நாலுக்கா,” என்றான்.

“நெஜமாவா?”

அந்தக் கேள்வி அவனை எங்கே தைத்ததோ, கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் முடியாமல் இடது கை கட்டிக் கிடந்தது.

“நெசமாக்கா. நாலுதான்.”

சந்திரம்மாள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரைப்பக்கம் திரும்பி, இன்னொரு தடவை போடச் சொல்லி வசுதாவிடம் சொன்னாள்.